மலைச் சங்கிலியில் கட்டிவிட்டு வந்த சாவி

அய்யா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் நிறுத்திவிடுவேன், பேச்சு பிள்ளைகளின் சளிக்கும் இருமலுக்கும் போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. அதனால் உசிலம்பட்டியில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறாளே என்று இரக்கப்பட்டுப் படிக்காதே. எங்கள் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பலகையில் எழுதச் சொல்லி மற்றப் பிள்ளைகளைப் பார்த்து எழுத வைப்பார்கள். உனக்குத் தெரிந்த விஷயத்தையும் இதில் விளக்கமாக எழுதுவேன். இது உனக்கு மட்டும் எழுதுவது இல்லை. நம் பங்காளிகள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நாளைக்கு யாழினிக்குத் தமிழ் வாசிக்க வந்தால் அவளும் படிக்கட்டும், அப்பத்தா எப்படிப்பட்டவள் என்று அவளுக்கும் தெரியட்டும்.

போன செவ்வாய்க்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "அம்மா, வேலைய விடுறேன்னு சொல்லிட்டேன். மாசிக்கு முன்னாடி குடும்பத்தோட வந்துருவோம். சித்தப்பாகிட்ட இருந்து சாவிய வாங்கி வையி. இந்த வருசமும் அவரு மகன் பாண்டி தோள்ல பெட்டி ஏறுச்சுன்னா அப்புறம் நடக்கிறதே வேற" என்றாய். இத்தனையும் ஒரே மூச்சில். பிறகு கவிதா போனை வாங்கினாள். அவள் எப்போதும் போல மெதுவாகத்தான் பேசினாள். "அத்தை, ஊருக்கு வர்றது பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஊருதான அது. ஆனா இவரு கோவத்துல வர்றாரு. அதான் பயமா இருக்கு" என்றாள். நான் "பாப்போம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அய்யா. உன் கோபம் முழுக்கத் தப்பான ஆள் மேல் இருக்கிறது. ஒரு வருஷமாக அதை அங்கே இருக்கவிட்டவள் நான்.

முதலில் பெட்டியைச் சொல்கிறேன். நம் குலசாமிக்குச் சிலை கிடையாது. சாமியின் பட்டும் நகையும் வாளும் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. வருஷம் முழுக்க அது தனக்கென்றே இருக்கிற பெட்டி வீட்டில் பூட்டிக் கிடக்கும். மாசி சிவராத்திரி அன்றைக்குக் காலையில் பூட்டைத் திறந்து, பெட்டியை மூத்த வீட்டு ஆண்பிள்ளை தோளில் ஏற்றிச் செருப்பில்லாமல் கோயில்வரை நடப்பான். அன்றைக்குப் பெட்டி வெளியே வராவிட்டால் அந்த வருஷம் பங்காளிகள் யார் வீட்டிலும் நல்ல காரியம் கிடையாது. உன் அப்பா இருபத்தாறு வருஷம் தூக்கினார். அவர் இறந்த வருஷம் நமக்குத் தீட்டு, உன் சித்தப்பா மாற்றாளாகத் தூக்கினார். அடுத்த மாசிக்கு, அதாவது போன மாசிக்கு, உன் முறை. பெட்டி வீட்டுச் சாவி மூத்த வீட்டில் இருக்க வேண்டும், அது என் சுருக்குப் பையில் இருந்தது. ஊரில் எனக்கு இருந்த மரியாதை எல்லாம் அந்த ஒரு விரல் நீளச் சாவிதான். உன் அப்பா இல்லாத வீட்டுக்குப் பங்காளிகள் வந்து, "ஆத்தா, சாவி குடுங்க" என்று நின்றால்தான் நான் இன்னும் இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன் என்று எனக்குப் படும்.

அந்த மாசிக்கு முந்தின கார்த்திகையில் நான் உன்னிடம் கிளம்பும்போது உன் சித்தப்பா வந்து கேட்டார். "மதினி, சாவிய குடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கணும்ல."

"வாசல்ல வையிங்க தம்பி. சாமி வாசலுக்கு வரும்" என்றேன்.

"வர்றதுக்கு லேட்டாச்சுன்னா?"

"என் மகன் கையால தொறக்கப் போறான். அவனக் கையோட கூட்டிட்டுத்தான் வருவேன். அதுக்குள்ள ஒங்க பாண்டிக்குத் தோள் அரிக்குதோ?"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "சீனாக்காரன் சாமிப் பெட்டிய என்ன பண்ணப் போறான், பத்திரமா கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டிச் சாவியை ஊர் எல்லை தாண்டி எடுத்துப்போன முதல் ஆள் நான்தான். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. கொடுத்துவிட்டுப் போனால் திரும்பி வராது என்பது மட்டும்தான் தோன்றியது.

சீனாவில் லுவோயாங் என்கிற ஊரில் உன் வீடு பத்தொன்பதாவது மாடி. கதவுக்குச் சாவியே கிடையாது, விரலை வைத்தால் திறக்கும் என்றாய். என் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாய், ஒன்றும் பதியவில்லை. எனக்கு அது புதிது இல்லை. நம் ரேஷன் கடையிலும் என் ரேகை விழாது. உன்னை இன்ஜினியரிங் படிக்க வைக்கத் திருமங்கலம் பக்கம் கட்டட வேலைக்குப் போய் நான்கு வருஷம் சிமெண்டுச் சட்டி தூக்கியதில் தேய்ந்த விரல் அது. நம்பர் அழுத்தினாலும் திறக்கும் என்று ஆறு எண் சொல்லிக்கொடுத்தாய். நான்காம் நாள் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே போய்த் திரும்பி வந்தேன். எண் நினைவில் இருந்தது, ஆனால் பதற்றத்தில் ஒன்றை மாற்றி அழுத்திவிட்டேன். மூன்றாம் முறை அது கூவ ஆரம்பித்துவிட்டது. கவிதா யாழினியை ஊசி போடக் கூட்டிப் போயிருந்தாள், நீ வகுப்பில் இருந்தாய். இரண்டு மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுச் சீனத்து அம்மா ஒரு முக்காலியும் ஒரு டம்ளர் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் வெறும் வெந்நீர், ஒரு இலை கூட இல்லை. அவள் என்னவோ கேட்டாள், நான் என்னவோ சொன்னேன். அதற்குப் பிறகு நான் தனியாக அந்த வாசலைத் தாண்டவில்லை. கதவு உள்ளேயிருந்து எந்நேரமும் திறக்கும். வெளியே போனால் உள்ளே வர முடியாது என்றால், அதுவும் பூட்டியதுபோலத்தான்.

போன் பேசவும் வழி இல்லை. உன் பழைய போனைக் கொடுத்து, "வாட்ஸ்அப் இங்க சும்மா ஓடாதும்மா, மொதல்ல இதத் தொடு, அது சுத்தி முடிச்சதும் அதத் தொடு" என்று சொல்லிக்கொடுத்தாய். சில நாள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். சன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்க் கட்டடம், அதன் சன்னல்கள், அதற்குப் பின்னால் இன்னொரு கட்டடம். நீ காலை ஆறு மணிக்குப் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவாய். இன்ஜினியரிங் படித்தவன் சீனத்துப் பெண்களுக்கு யோகா என்று மூச்சு இழுக்கவும் விடவும் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறான் என்பதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. 'கம்பெனியில் இருக்கிறான்' என்றுதான் சொல்வேன். ஒருநாள் உன் வகுப்புக்குக் கூட்டிப் போனாய். ஐம்பது வயதுப் பெண்கள் முப்பது பேர் நீ கையைத் தூக்கினால் தூக்கினார்கள், இறக்கினால் இறக்கினார்கள். முடிந்ததும் ஒவ்வொருத்தியும் உன்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. "மூச்சு விடக் கூடவா ஆளு வைப்பாங்க" என்று கேலி செய்தேன். அதற்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன்: நீ நல்ல வாத்தியார்.

எனக்கு வீட்டில் முகம் வாடியதைப் பார்த்துத்தான் நீ கோயில் கோயிலாகக் கூட்டிப் போனாய். முதலில் வெள்ளைக் குதிரைக் கோயில். வாசலில் இரண்டு கல்குதிரை தலையைக் குனிந்துகொண்டு நின்றன. நம் அய்யனார் குதிரை பாய்கிற மாதிரி நிற்கும், இவை நடந்து நடந்து களைத்துப்போய் நின்றன. நம் நாட்டிலிருந்து இரண்டு சாமியார்கள் வெள்ளைக் குதிரையில் ஏடுகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அவர்களுக்காகக் கட்டிய கோயில் இது என்று நீ சொன்னாய். உள்ளே மதிலோரம் வட்டமாக மண்மேடு எழுப்பிப் புல் முளைத்துக் கிடந்ததைக் காட்டி, இதுதான் அவர்களில் ஒருத்தர் சமாதி, இன்னொருத்தருடையது அந்தப் பக்கம் என்றாய்.

"ஊருக்குத் திரும்பலையா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இங்கயே இருந்து எழுதிக்கிட்டே இருந்து இங்கயே எறந்துட்டாங்க."

"விடலையா, இவங்களே போகலையா?"

"அது யாருக்குத் தெரியும்?"

"ஒரே இடத்துல பொதச்சிருக்கலாம்ல. பேசிக்கிறதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரு பாஷையாச்சும் இருந்திருக்கும்" என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சுருக்குப் பைக்குள் கையை விட்டுச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாளைக்கு நாற்பது தடவை தொட்டேன்.

அடுத்து லாங்மென் குகைகள். ஆற்றங்கரையோரமாக ஒரு மலை நெடுகத் தேன்கூடு மாதிரி குடைந்து வைத்திருந்தார்கள். கை அகல மாடக்குழியில் ஒரு சாமி, ஆள் உயரக் குழியில் ஒரு சாமி. நிறையச் சாமிக்குத் தலை இல்லை. வெட்டி எடுத்து விற்றுவிட்டார்கள் என்றாய். தலை போன பிறகும் கை மட்டும் ஆசீர்வாதம் செய்துகொண்டு இருந்தது. மேலே பெரிய புத்தர் இருக்கிறார், படி ஏற வேண்டும் என்றாய். நான் பத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நீ குனிந்து முதுகைக் காட்டி, "வாம்மா, தூக்கிக்கிறேன்" என்றாய்.

"சாமிப் பெட்டி ஏறுற தோளு. அதுல நான் ஏற மாட்டேன்" என்றேன்.

சுற்றிலும் சனம் போட்டோ எடுத்தது. நீ குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாய். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். ஐந்து படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினோம். பெரிய புத்தரைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் வார்த்தை சாமி இல்லை. "ஏய்யா, நம்ம கீழக்குயில்குடி செட்டிப்புடவு செட்டியாரு இங்க வந்து இம்புட்டு வளந்துட்டாரு" என்றேன். அதே தொங்கு காது, அதே அரைச் சிரிப்பு. நம் சமணர் மலைக் குகையில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் செட்டியார் என்று பேர் வைத்த சனம் நாம். யாழினி, "அப்பத்தா, இந்தத் தாத்தா யாரைப் பாக்குறாரு?" என்று கேட்டாள். பார்த்தால் அவர் நம் தலைக்கு மேலே ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கு அந்த மாதிரி உட்காரத் தெரியாது, அய்யா. என்னிடம் இருந்தது ஒரு சாவி. அதற்கே அம்புட்டு ஆட்டம்.

மார்கழிக் கடைசியில் கவிதாவுக்கு இரத்தம் பட்டது. இரண்டாவது பிள்ளை நாலு மாசம். பிரசவம்வரை எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ என்னைக் கேட்காமலே நம் இரண்டு பேர் டிக்கெட்டையும் ரத்து செய்தாய், என் விசாவை நீட்ட எழுதிக் கொடுத்தாய். சாயங்காலம் வந்து, "அம்மா, பங்குனிவரைக்கும் இருந்துட்டுப் போ. எனக்கு வேற ஆள் இல்ல" என்றாய். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மருமகள் படுத்திருக்கிறாள், பேத்திக்கு நாலு வயது. ஆனால் உன்மேல் அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுத இந்த நோட்டு போதாது. பேர் தெரியாத ஊரில் பத்தொன்பது மாடி உயரத்தில் என்னைத் தூக்கி வைத்துவிட்டு ஏணியை எடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். கவிதாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒருநாள் அவளிடமே புலம்பினேன். அவள் படுத்தபடி சன்னலைப் பார்த்துக்கொண்டு, "நான் இங்க வந்து மூணு வருசம் ஆகுது அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் மீதிக் கஞ்சியை ஊட்டினேன்.

தை முழுக்க ஊரிலிருந்து போன். பங்காளிகள் ஒவ்வொருத்தராகப் பேசினார்கள். பூட்டை உடைக்கலாமா என்று கேட்கிற துணிச்சல் ஒருத்தருக்கும் இல்லை. மூத்த வீட்டுச் சொல் இல்லாமல் பெட்டி வீட்டுப் பூட்டில் கை வைக்கக் கூடாது. அந்தச் சொல்லை நான் சொன்னால் அதோடு முடிந்தது. அடுத்த வருஷத்திலிருந்து உரிமை உன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும். 'ஆகட்டும், பாப்போம்' என்றே சொல்லிக்கொண்டு இருந்தேன். சாவியைத் தபாலில் அனுப்பலாம் என்றாய். சாமிச் சாவியைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டேன் என்றேன். நாள் போய்க்கொண்டே இருந்தது.

சிவராத்திரி அன்றைக்கு நீ விடுப்பு எடுத்து, எதிர்வீட்டு அம்மாவைக் கவிதாவுக்குத் துணை வைத்துவிட்டு, சோங்ஷான் மலைக்கு என்னைக் கூட்டிப் போனாய். "இதுவும் சாமி மலைதாம்மா. நல்ல நாளும் அதுவுமா வீட்ல உக்காந்து அழ வேண்டாம்" என்றாய். ரோப் காரில் ஏறினோம். பாதியில் காற்று அடித்து அது நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீ, நான், யாழினி. கீழே பனி பிடித்த பாறை. "ஒண்ணுமில்ல, ஓடிரும்" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். யாழினி என் மடியில் ஏறிக்கொண்டு, "அப்பத்தா, கதவைத் தொறங்க" என்றாள். அப்போது எனக்கு நம் பெட்டி வீடு கண்ணில் வந்தது. இருட்டு அறை, ஒரு கதவு, வெளியே ஒரு பூட்டு. நான்கு மாசமாக ஒரு விளக்கு கூட உள்ளே இல்லை. சாமியையே இப்படி வைத்துவிட்டு வந்திருக்கிறேனே என்று உடம்பு ஆடியது. குளிர் என்று நினைத்து நீ உன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினாய்.

மேலே போனால் பள்ளத்தோரம் நெடுக இரும்புச் சங்கிலி. அதில் ஆயிரக்கணக்கில் பூட்டு. பித்தளைப் பூட்டு, துருப்பிடித்த பூட்டு, இடையில் சிவப்புத் துணி. பேர் வெட்டிய பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைப் பள்ளத்தில் எறிந்துவிட வேண்டும், அப்படிச் செய்தால் குடும்பம் பிரியாது என்றாய். நீயும் ஒன்று வாங்கினாய். "அம்மா, ஒம் பேரையும் வெட்டச் சொல்லவா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் யாழினி ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். நீ அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். அப்போதுதான் என் போன் அடித்தது. எத்தனையோ நாள் சுற்றிக்கொண்டே கிடந்த போன், அந்த மலையில் முதல் அடியிலேயே பேசியது.

உன் சித்தப்பா. பின்னால் உருமி அடிக்கிற சத்தம் கேட்டது.

"மதினி, சனம் பூராம் வாசல்ல நிக்கிது. வெயில் ஏறுது. என்ன செய்யட்டும்?"

நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மலையில் இருந்த ஒரு பூட்டுக்கும் சாவி கிடையாது. யாருக்கும் அதில் கவலையும் கிடையாது.

"ஒடச்சிருங்க தம்பி" என்றேன்.

"நெசமாவா சொல்றீங்க?"

"ஒடச்சு, பாண்டியத் தூக்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. என் மகன்கிட்டயும் சொல்லக் கூடாது. நீங்களா ஒடச்சதா இருக்கட்டும்."

 "சரி மதினி" என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமியும் வெளியே வர வேண்டும், உரிமையும் நம் வீட்டை விட்டுப் போகக் கூடாது, பழி மட்டும் அடுத்தவர் தலையில் விழ வேண்டும். அஞ்சாம் வகுப்புப் புத்திக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

போனை வைத்ததும் சுருக்குப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். அது இனி எதையும் திறக்காது. கீழே கிடந்த ஒரு சிவப்புத் துணியை எடுத்துச் சாவியின் காதில் கோத்துச் சங்கிலியில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். நீ திரும்பி வந்து, "நேந்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அத்தனை பூட்டுக்கு நடுவில் சாவி அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உடைந்த பூட்டு, பாண்டி தோளில் பெட்டி. நீ நடுவீட்டில் நின்றுகொண்டு உன் சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டாய். "யாரக் கேட்டு ஒடச்சீங்க? எங்கப்பா செத்துட்டாருன்னா எங்க வீடும் செத்துருச்சா? இனி ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாய். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் யாழினிக்கு ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு நாராக உரித்தேன். 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டு வார்த்தைக்கு அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது. அது போன பிறகு ஒவ்வொரு நாளும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

பங்குனியில் கவிதாவின் அம்மா அங்கே வந்ததும் நான் ஊருக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது. மூத்த வீட்டுச் சொல் இல்லாமல் பூட்டை உடைத்த குற்றத்துக்காகப் பங்காளிகள் கூடிப் பேசி, உன் சித்தப்பாவைப் பெட்டி வீட்டு வாசலில் எல்லாருக்கும் முன்னால் விழுந்து எழச் சொல்லியிருக்கிறார்கள். அறுபது வயது ஆள், பேரன் பேத்தி பார்த்துக்கொண்டு நிற்க, வெயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருக்கிறார். கோயில் பந்தியிலும் அவருக்கு இலை கடைசி வரிசையில். என்னைப் பார்க்க வந்தவர், "சீனால குளிரு எம்புட்டு மதினி?" என்றுதான் கேட்டார். புதுப் பூட்டின் சாவியை என் முன்னால் வைத்தார். நான் தொடவில்லை. "நீங்களே வச்சுக்கங்க" என்றேன்.

"ஏன் தம்பி வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லாதன்னு சொன்னீங்க. சொல்லுன்னு இன்னும் சொல்லலையே."

அதற்கும் நான் சொல்லு என்று சொல்லவில்லை, அய்யா. பங்குனியிலிருந்து இந்தத் தைவரை சொல்லவில்லை. ஒரே தெருவில் இருக்கிறோம். அவர் காலையில் மல்லிகைப் பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வண்டியில் போகும்போது என் வாசலில் ஒலி எழுப்பிவிட்டுப் போவார். நான் உள்ளேயே இருப்பேன். பத்தொன்பதாவது மாடியிலாவது சன்னல் இருந்தது. இந்தப் பொய்க்குள் அதுவும் இல்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான் இருக்கிறது. யாரிடமும் 'சொல்லாதே' என்று வாக்கு வாங்காதே. வாங்கினால், எந்த நாளில் அவனை விடுவிப்பாய் என்பதையும் அதே வாயால் சொல்லிவிடு. நல்ல மனுஷன் பூட்டு மாதிரி. போட்டவன்தான் திறக்க வேண்டும். அவனாகத் திறந்துகொள்ள மாட்டான்.

உன் வேலையை விடாதே. முப்பது பேர் உன் கையைப் பார்த்து மூச்சு விடுகிறார்கள், அதுவும் சாமி காரியம்தான். கவிதாவை வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே கூட்டிப் போ, அவள் சீன மொழி படிக்கட்டும், அந்தக் கதவின் எண்ணுக்கு வெளியே அவளுக்கு ஒரு காரியம் இருக்கட்டும். நீ உன் சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. மன்னிப்புக் கேட்கத் தெரியாவிட்டால், குளிர் எம்புட்டு என்று அவர் கேட்பார், அதற்குப் பதில் சொல், போதும். பெட்டி பாண்டி தோளிலேயே இருக்கட்டும். போன மாசியில் அவன் நடந்ததைப் படத்தில் பார்த்தேன். உன் அப்பாவைப் போலவே இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடக்கிறான். இரத்தம்தானே.

இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறவனும் பாண்டிதான். எனக்குப் படம் பிடித்து அனுப்பத் தெரியாது. படிக்காமல் அனுப்புகிற பிள்ளை இல்லை அவன். படிக்கட்டும். தன் அப்பன் ஏன் விழுந்தான் என்று அவனுக்கும் தெரிய வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விட்டு அடுத்த ஞாயிறு, மாசித் திருவிழா பேசப் பங்காளிகள் பெட்டி வீட்டு முன்னால் கூடுகிறார்கள். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. நான் போகப் போகிறேன். போய் இதில் எழுதியதை வாயால் சொல்லிவிட்டு, உன் சித்தப்பா விழுந்த அதே இடத்தில் விழப் போகிறேன். வேண்டாம் ஆத்தா என்பார்கள், பொம்பளை விழுகிற வழக்கம் இல்லை என்பார்கள். விழுந்துவிடுவேன், அது பெரிய காரியம் இல்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எழுவதுதான் முடியாது.

நான்கு நாள் விடுப்புக் கிடைத்தால் வா. பெட்டி தூக்க வர வேண்டாம். அன்றைக்கு அந்தப் படியில் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றாயே, நான் ஏற மாட்டேன் என்றேனே. இப்போது கேள். சரி என்பேன்.

உன் அம்மா